மலை வீட்டுக் கிணறு

அந்த வீட்டை நாங்கள் மலை வீடு என்றுதான் சொல்வோம். ரொறன்ரோவில் ஏது மலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், நகரம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஆற்றுப் பள்ளத்திலிருந்து நிலம் ஏறிப் போய் ஒரு மேடாக நிற்கும். அதன் உச்சியில் வீடு. கனடாக்காரர் அதைக் குன்று என்று சொல்லவே யோசிப்பார்கள். ஆனால் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தார். தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டிய இடமெல்லாம் மலைதான். சொந்தக்காரரும் அப்படியே சொல்லத் தொடங்க, நாங்கள் மலைக்காரர் ஆகிவிட்டோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கட்டிய பண்ணை அது. கல் அத்திவாரம், மர மாடி, பின்னால் சாய்ந்து நின்ற பெரிய களஞ்சியம், முற்றத்தில் ஒரு கிணறு. அந்தக் குடும்பத்தின் கடைசி ஆளும் விற்றுவிட்டுப் போக, சுற்றியிருந்த காட்டையும் ஆற்றையும் பராமரிக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்று அதை வாங்கி வாடகைக்கு விட்டது. அந்த அலுவலகத்தை அப்பா எப்போதும் கந்தோர் என்றே சொல்வார். நாங்கள் குடிபோனபோது எனக்கு ஒன்பது வயது. தங்கை அப்போது பிறக்கவில்லை.

கந்தோர் சாவியோடு சேர்த்து ஒரு கட்டுச் சட்டங்களையும் தந்தது. வீடு பழமையானது, பாதுகாக்கப்பட்டது, ஆகவே எதையும் மாற்றக் கூடாது. ஜன்னல் கண்ணாடி அலை அலையாகத் தெரியும், அதை மாற்றக் கூடாது. காற்று ஊதும் கதவிடுக்கை அடைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கேட்க வேண்டும். அம்மாவுக்குச் சாமிப் படங்களை மாட்ட நான்கு ஆணிகள் தேவைப்பட்டன. வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே தொலைபேசியை என் கையில் தந்தார்கள். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டை நெடுநேரம் கேட்டேன். கடைசியில் வந்த பெண் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, யாராவது பார்ப்பார்கள் என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"பாப்பினமாம்," என்றேன்.

அவர்கள் பார்க்கவில்லை. பிள்ளையாரும் லட்சுமியும் நாங்கள் அங்கிருந்த காலம் முழுக்கச் சமையலறை அலுமாரியின் மேல், சுவரில் சாய்ந்தபடியே இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதிரையில் ஏறிப் பூ வைத்தார்.

என் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தோராம் நூற்றாண்டில் இருந்தார்கள். நான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி அங்கே போய், பின்னேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் திரும்பி வருவேன். குளிர்காலத்தில் சமையலறை விறகடுப்புக்குப் பக்கத்தில் எல்லாரும் ஒன்றாகப் படுத்தோம், மாடியில் படுத்தால் மூக்கு நுனி உறைந்துவிடும். பனி கொட்டினால் கார் மேட்டில் ஏறாது. அப்பா அதைக் கீழே விட்டுவிட்டு, அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். மின்சாரம் நின்றால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும், அப்போது வாளியும் கயிறும்தான். ஒருநாள் வகுப்பில் அந்தக் காலத்துக் குடியேறிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாடம் நடந்தது. அவர்கள் காலையில் கிணற்று வாளியில் பிடித்திருக்கும் ஐஸை உடைத்துத்தான் முகம் கழுவினார்கள் என்று ஆசிரியை சொன்னார். நாங்களும் அப்படித்தான் என்று கையை உயர்த்திச் சொன்னேன். கற்பனை நல்லது என்று பாராட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அம்மா அந்த வீட்டைப் பற்றி முறைப்பாடு சொல்லாத நாள் கிடையாது. நானும் அம்மாவின் கட்சிதான். ஆனால் அப்பாவிடம் அது எடுபடாது. அவர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கோப்பை கழுவினார், பெட்டி அடுக்கினார், மற்றவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். ஊரில் அவர் தோட்டக்காரர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்த குடும்பம். மலை வீட்டில் களஞ்சியத்துக்குக் கீழே கந்தோர் பயிரிட விட்ட ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் அவர் சின்ன வெங்காயமும் கத்தரியும் பயற்றங்காயும் போட்டார். மான் வந்து பயற்றங்கொடியைத் தின்றது. வேலி போட்டால் வேலியைத் தாண்டி வந்து தின்றது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் வந்து பாத்தியோரம் நின்று, அண்ணை இது எப்படி, அது எப்படி என்று கேட்கும்போது அப்பா பதில் சொல்லும் குரலே வேறாக இருக்கும். யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத குரல். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை கிணறுதான். ஆற்றங்கரை உருண்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வட்டக் கிணறு. சாந்து பூசாமலே கல்லைக் கல் கவ்விக்கொண்டு நின்றது. எந்தக் கோடையிலும் தண்ணீர் குறையவில்லை. மேட்டு உச்சியில் இப்படி ஓர் ஊற்றா என்று வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார். கட்டினவன் வெள்ளைக்காரன் என்றாலும் கிணறு தெரிந்தவன் என்று சான்றிதழும் கொடுப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வசந்தத்தில் தங்கைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. மருந்து கொடுத்தால் நிற்கும், ஒரு கிழமையில் திரும்ப வரும். கன்னமெல்லாம் வற்றி, கண் பெரிதாகி, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவின் தோளில் கிடப்பாள். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். சோதனைக்கு அனுப்பினோம். கிருமி இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று முடிவு வந்தது.

திரும்பவும் தொலைபேசி என் கைக்கு வந்தது. பாட்டு, காத்திருப்பு, பிறகு ஒரு குரல். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், எங்கள் ஆள் வந்து பார்ப்பார், அதுவரை கிணற்றில் கை வைக்க வேண்டாம் என்றார்கள். ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன். ஒரு கிழமை கழித்துத் திரும்ப எடுத்தேன். அதே பதில். அதற்கடுத்த கிழமையும் எடுத்தேன். உங்கள் விஷயம் வரிசையில் இருக்கிறது என்றார்கள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, என் தங்கைக்குச் சுகமில்லை என்றேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போனைக் கொடு பிள்ளை என்றது அந்தக் குரல். பெரியவர் எனக்குப் பக்கத்தில், நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் என் முகத்தில் தேடிக்கொண்டு நின்றார். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, பாப்பினமாம் என்றேன்.

அம்மா பெரிய அலுமினியப் பானையில் காலையும் மாலையும் தண்ணீர் கொதிக்க வைத்தார். குடிக்க அது, சமைக்க அது, தங்கையைக் குளிப்பாட்டவும் அதுதான். அவளுக்குக் கொஞ்சம் குணமானது, பிறகு திரும்பவும் போகத் தொடங்கியது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அப்பா, சனிக்கிழமை கிணறு இறைக்கப்போகிறேன் என்றார்.

இதை ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் நீர் இறங்கியதும், கிணற்றைக் கலக்கி இறைப்பார்கள். உள்ள தண்ணீரையெல்லாம் மிசின் வைத்து வெளியே எடுத்து, ஆள் இறங்கி, அடியில் கிடக்கும் சேறு, சருகு, செத்தது சிதம்பினது எல்லாவற்றையும் வாளியில் அள்ளி அனுப்புவார்கள். பிறகு புது ஊற்று வந்து நிறையும். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீர் கெட்டால் யாரும் யோசிக்காமல் செய்கிற முதல் வேலை அது. வீடு அழுக்கானால் கூட்டுவதைப்போல.

கந்தோர் தொட வேண்டாம் என்று சொன்னதே என்று அம்மா நினைவூட்டினார். அப்பா சிரித்தார்.

"உவங்களுக்குக் கிணத்தைப் பற்றி என்ன தெரியும்? குழாயில வளந்த சனம்."

 அவர் சொன்னது எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை சித்தப்பா வந்தார், அப்பாவின் தம்பி. ஸ்காபரோவில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த பம்பைக் காரின் பின்னால் வைத்துக் கொண்டுவந்தார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டி, கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சித்தப்பா, கந்தோர்க்காரன் வந்தால் உங்களைப் பார்த்தே ஓடிவிடுவான் என்றார். அப்பா பம்பிலிருந்து வரும் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. மேட்டிலிருந்து தண்ணீர் பாத்தி பாத்தியாக இறங்கிப் போவதை மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாக நின்றதை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மத்தியானமளவில் அடி தெரிந்தது. ஏணியை இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி, அப்பா இறங்கினார். கயிற்றின் மறுமுனையைச் சித்தப்பா களஞ்சியத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அம்மா தங்கையை இடுப்பில் வைத்தபடி கொஞ்சம் தள்ளி நின்றார். வாளி வாளியாகச் சேறு மேலே வந்தது. அதைப் புல்லில் கொட்டுவது என் வேலை. கறுத்த சேற்றுக்குள்ளிருந்து ஒரு குதிரை லாடம் வந்தது, வளைந்த கரண்டி ஒன்று வந்தது, நீலக் கண்ணாடிப் போத்தல் ஒன்று உடையாமல் வந்தது. நான் அவற்றைத் துடைத்து வரிசையாக வைத்தேன்.

"ஊத்து வருது," என்று கீழேயிருந்து அப்பா சொன்னார். "ரெண்டு பக்கத்தாலயும் வருது."

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. பையில் ஓட்டை விழுந்து சீனி கொட்டுவதைப்போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். கற்களுக்கு நடுவிலிருந்து தண்ணீரோடு மணலும் வந்துகொண்டிருந்தது. மெல்லிய, மஞ்சள் மணல். அப்பா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பக்கத்திலிருந்து வந்தது. மற்றக் கையையும் வைத்தார். அது அவருடைய முழங்காலுக்கு நேராக வந்தது. கடைசியில் திரும்பி, முதுகைச் சுவரில் கொடுத்து, காலை எதிர்ப்பக்கம் ஊன்றி நின்றார். ஒரு கிணற்றை ஒரு மனிதன் முதுகால் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அம்மா தங்கையை என்னிடம் தந்துவிட்டு விளிம்புக்கு வந்தார். ஏறுங்கோ என்றார். அப்பா ஏறவில்லை. சித்தப்பா கயிற்றை இறுக்கிக்கொண்டு குனிந்தார்.

"அண்ணை, அது உங்கட முதுகுக்கு நிக்காது. பிள்ளையள் நிக்குதுகள். ஏறுங்கோ."

அப்பா ஏறினார். அவர் கடைசிப் படியில் கால் வைக்கும்போது, அவர் நின்ற இடத்தில் ஒரு கல் விழுந்தது. அதன் மேலிருந்த கல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதுவும் விழுந்தது.

என்ன செய்யவேண்டும் என்பது அப்பாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தண்ணீரைத் திரும்ப விட வேண்டும். உள்ளே தண்ணீர் நின்றால் மணல் நின்றுவிடும். தோட்டக் குழாயை ஓடிப்போய்த் திறந்தார். அது ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. அந்த வீட்டின் எல்லாக் குழாய்க்கும் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். இறைத்த தண்ணீரெல்லாம் பாத்தியில் ஊறி, மிச்சம் மேட்டால் இறங்கி ஆற்றுக்குப் போய்விட்டது. தண்ணீர் கொண்டுவரச் சித்தப்பா இரண்டு கலன்களை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அப்பா சமையலறைக்குள் ஓடி, அம்மா காலையில் கொதிக்க வைத்து ஆற்றி மூடி வைத்திருந்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில்தான் தங்கைக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது. அம்மா தடுக்கவில்லை. அப்பா அதைக் கிணற்றுக்குள் ஊற்றினார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நின்றோம். சித்தப்பா தண்ணீரோடு வந்து சேர்ந்து அவரும் எங்களோடு நின்றார். ஒரு கல் விழும், பிறகு வெகுநேரம் ஒன்றும் விழாது, இனி நின்றுவிடும் என்று நினைப்போம், அடுத்த கல் விழும். பின்னேரம் முழுவதும் அப்படியே போனது. யாரும் உள்ளே போய் இருக்கலாம் என்று சொல்லவில்லை. பொழுது சாயும்போது கிணற்றைச் சுற்றியிருந்த நிலமே கொஞ்சம் தாழ்ந்து, பக்கத்தில் நின்ற லைலாக் செடி உள்நோக்கிச் சரிந்தது. அழுதால் ஏதாவது மாறும் என்று இருந்தால் நான் அழுதிருப்பேன். கையாலாகாத்தனம் என்ற சொல்லை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். ஆனால் பொருள் எனக்கு அன்றைக்கே தெரியும்.

திங்கட்கிழமை நானே தொலைபேசியில் சொன்னேன், கிணறு இடிந்துவிட்டது என்று. இந்தமுறை பாட்டு இல்லை. அன்று பின்னேரமே ஆள் வந்தார். நரைத்த தாடி வைத்த, தணிந்த குரல்காரர். கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்தார், படம் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேசாமல் அப்பாவைப் பார்த்தே மெதுவாகப் பேசினார். அது எனக்குப் பிடித்தது. ஆனால் மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான்.

"தண்ணிதான் சுவரைத் தாங்கிக்கொண்டு நிண்டதாம், அப்பா," என்றேன். "இந்த மேடு முழுக்க மணலாம். உள்ளுக்குத் தண்ணி இருந்தபடியாத்தான் இவ்வளவு காலமும் நிண்டதாம்."

அப்பா தலையாட்டினார். அவருடைய ஊர்க் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் வெட்டியவை. அவற்றைக் காயக் காய இறைத்தாலும் பாறை பாறையாகவே நிற்கும். அந்த மனிதருக்கு அதைச் சொல்ல வேண்டும்போல எனக்கு இருந்தது. என் அப்பா மூடர் இல்லை, வேறு மண்ணில் கெட்டிக்காரர் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. பன்னிரண்டு வயது ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கந்தோர்க்காரர் இன்னும் ஒன்று சொன்னார். கிருமிக்கு மருந்து தண்ணீரில் ஊற்றியிருந்தாலே சரியாகியிருக்கும், அதற்குத்தான் அடுத்த கிழமை நான் வருவதாக இருந்தது என்றார். அதையும் அப்பாவுக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன். ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இல்லாத வீட்டில் குடியிருக்கவிட முடியாது என்று கந்தோர் சொல்லிவிட்டது. ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது இருக்கலாம். வெங்காயம் முற்றும்வரை இருக்கவிடுங்கள் என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். முடியாது என்றார்கள். ஒரு நாள் லொறி வந்து கிணற்றுக்குள் சரளைக் கல்லையும் களிமண்ணையும் கொட்டி மூடிவிட்டுப் போனது. நாங்கள் வெங்காயத்தை முற்றாமலே பிடுங்கினோம். சொந்தக்காரருக்கெல்லாம் கட்டுக் கட்டாகக் கொடுத்தோம். நல்ல இளசு என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஸ்காபரோவில் ஒரு உயர்ந்த அப்பார்ட்மென்டில் குடியேறினோம். மாடி உயரம் மலை வீட்டைவிட அதிகம், அதை ஒருவரும் மலை என்று சொல்லவில்லை. அம்மா முதல் நாளே சாமிப் படங்களுக்கு ஆணி அடித்தார். தங்கைக்கு ஒரு மாதத்தில் குணமாகிக் கன்னம் வைத்தது. அப்பா மிசிசாகாவில், விமான நிலையச் சரக்கு ஏற்றுமிடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். பால்கனியில் ஒரு மிளகாய்ச் செடிகூட வைக்கவில்லை. கலியாண வீடுகளில் வயதானவர்கள் கூடினால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசியில்தான் போய் நிற்பார்கள். அந்த நேரம் அப்பா எழுந்து வெளியே காற்று வாங்கப் போவார். கிணறு என்ற பேச்சை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை.

இப்போது நான் பிக்கரிங்கில் இருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். போன இலையுதிர் காலத்தில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள், பழைய பண்ணை ஒன்றை மக்கள் பார்க்கத் திறந்திருக்கிறார்களாம், பூசணிக்காய் கொடுக்கிறார்களாம். படத்தைப் பார்த்தேன். மலை வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அப்பாவைக் கேட்டபோது மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் காலில் போடச் சப்பாத்தைத் தேடினார்.

வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். எங்களைத் தொடவிடாத கதவிடுக்குகளை எல்லாம் அழகாக அடைத்திருந்தார்கள். சமையலறையில் எங்கள் அடுப்புக்கு முன்னால் கயிறு கட்டி, யாரும் நெருங்காதபடி செய்திருந்தார்கள். மகள் வெண்ணெய் கடைந்து பார்த்தாள். அப்பா பின்னால் கைகட்டிக்கொண்டு வந்தார். முற்றத்துக்கு வந்ததும் நின்றார்.

கிணறு இருந்த இடத்தில் ஒரு கிணறு இருந்தது. இடுப்பளவு வட்டச் சுவர், சிமெந்து போட்டு ஒட்டிய உருண்டைக் கற்கள், மேலே சின்னக் கூரை, சங்கிலியில் தொங்கும் மரவாளி. எட்டிப் பார்த்தால் கையெட்டும் ஆழத்தில் சிமெந்துத் தளம். அதில் யாரோ சில்லறைக் காசு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அப்பா அதை வாசிக்கச் சொன்னார். அவருக்கு இப்போது ஆங்கிலம் போதுமான அளவு வாசிக்க வரும். ஆனாலும் என்னைத்தான் கேட்டார்.

இந்தப் பண்ணைக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் தந்த கிணறு, காலப்போக்கில் வற்றிப்போனது என்று எழுதியிருந்தது. அதைச் சொன்னேன்.

"வத்தினதெண்டோ போட்டிருக்கு?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கிணற்றடியில் நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் போட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணாக ஒருத்தி நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற வயது. எங்கள் பேச்சு காதில் விழ, யூனியன்வில்லில் இருக்கிறோம், அம்மா அப்பா யாழ்ப்பாணம் என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சந்தோஷமாகச் சொன்னாள். அப்பா நேரே அவளிடம் போனார். முதல் தடவையாகக் கந்தோர் ஆள் ஒருவரோடு பேச அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை.

"பிள்ளை, இந்தக் கிணறு வத்தேல்லை. நல்ல ஊத்து. நான்தான் இறைச்சு இடிச்சனான்."

அந்தப் பெண் கனிவாகச் சிரித்தாள்.

"அது ஊர்க் கிணறோ அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. இது. இந்தக் கிணறு."

அவள் என்னைப் பார்த்தாள். வயதானவர்களோடு வருகிறவர்களை மற்றவர்கள் பார்க்கும் பார்வை அது, எனக்குத் தெரியும். அவர் சொல்வது சரி, நாங்கள் இங்கே குடியிருந்தோம், நான் இந்த வீட்டில்தான் வளர்ந்தேன் என்றேன். பதற்றத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். "றியலி, உண்மையாவோ?" என்றாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. தங்களுக்குச் சொல்லித் தந்ததைத்தான் தாங்கள் சொல்லலாம், மேலே இருப்பவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். அதற்குள் ஒரு கூட்டம் வந்துவிட்டது. அவள் அவர்களுக்கு, இந்தக் கிணறு காலப்போக்கில் வற்றிப்போனது என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் காருக்கு நடந்தோம்.

 என் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார், கந்தோருக்குப் போன் பண்ணிச் சொல்லு, பலகையை மாத்தச் சொல்லு என்று. அவர் பெயரைப் போடச் சொல்லவில்லை. ஒரு குடியிருப்பாளர் தெரியாத்தனமாக இறைத்ததால் இடிந்தது என்று போட்டால் போதுமாம். இத்தனை வருடம் கிணறு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போன மனிதர் இவர். பழியை அவர் ஏற்றுக்கொள்வார். அந்த ஊற்று வற்றியது என்று சொல்வதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை போன் எடுத்தேன். பாட்டு மாறியிருந்தது. காத்திருப்பு மாறவில்லை. கடைசியில் வந்தவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார், யாராவது பார்ப்பார்கள் என்றார். எனக்கு இப்போது நல்ல ஆங்கிலம் தெரியும். அந்த ஆங்கிலத்தை வைத்து அலுவலகங்களில் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அதைக்கொண்டு ஒரு பலகையில் இருக்கும் ஒரு சொல்லை மாற்ற முடியவில்லை. குளிர்காலத்தில் ஒருமுறை எடுத்தேன், பனி கரைந்ததும் ஒருமுறை எடுத்தேன். உங்கள் விஷயம் வரிசையில் இருக்கிறது.

அப்பாவுக்கு இதயத்தில் இரண்டு தடவை குழாய் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், தேநீர் வருவதற்கு முன்னமே கேட்டுவிடுவார், மாத்திப்போட்டினமோ என்று. போன ஞாயிறும் கேட்டார்.

"பாப்பினமாம், அப்பா," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"ஓம்," என்றார். "இந்தமுறை பொறுத்திருப்பம்."